அரிசிக்குள் ஹார்ட் டிஸ்க்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில், மடியில் தூக்குவாளியோடு ஒருவர். பக்கத்தில் அவர் மனைவியின் தம்பி.

"புது ஹார்ட் டிஸ்க் போட்டதும், கம்ப்யூட்டர் என் பேரு என்னன்னு என்னையே கேக்குது மச்சான்."

"பழசு எங்க மாமா?"

"இந்தத் தூக்குல. அரிசிக்குள்ள பொதைச்சு வெச்சிருக்கேன்."

"தண்ணியில விழுந்துச்சா?"

"இல்லியே."

"அப்பறம் அரிசி எதுக்கு?"

"மழையில நனைஞ்ச போனு அரிசியிலதான பொழைச்சுது? இதுக்கும் அப்படித்தானே?"

மச்சான் சிரித்துவிட்டார். "அப்பிடி என்ன மாமா இருக்கு அதுல?"

"உங்கக்கா சாவறதுக்கு முந்தி சர்ச்சுல பாடுனது. வேற எங்கயும் இல்ல."

மச்சான் தூக்கை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மூடியை அழுத்தி மூடிவிட்டுக் கேட்டார்:

"போனு பொழைக்க எத்தினி நாளு ஆச்சு மாமா?"