கலங்கிய இரண்டு குழாய்கள்

என் ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டுகளைத் திருப்பிக் கொடுங்கள் என்று மேனேஜர் வரதன் சாரிடம் கேட்டேன். ஆரம்பம் இவ்வளவுதான் ஐயா. வேலைக்குச் சேர்ந்த அன்றே மோனிகா எச்சரித்திருந்தாள். "லீவு கேளு, ஷிப்ட் மாத்தச் சொல்லிக் கேளு, இன்னா வேணா கேளு. அந்தக் கவர மட்டும் கேட்டுடாத கிரேஸு." மோனிகா எனக்கு இரண்டு வருடம் முன்னால் லேபில் சேர்ந்தவள். அவளுடைய சர்ட்டிபிகேட் கவரும் வரதன் சாரின் பீரோவில்தான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் குளுக்கோஸ், சலைன் பாட்டில் செய்கிற கம்பெனி. இப்போது நீங்கள் சீல் வைத்திருப்பதால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. சேரும்போது இரண்டு வருட பாண்டில் கையெழுத்து வாங்கி, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து எம்.எஸ்ஸி. பட்டம் வரை எல்லாவற்றையும் ஒரு பழுப்புக் கவரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். என் இரண்டு வருடம் 2007 மே மாதமே முடிந்துவிட்டது. நான் கேட்டது ஜூன் கடைசியில். இதை எழுதிக்கொள்ளுங்கள். நான் அவசரப்பட்டவள் இல்லை.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அப்பா ஜோசப், கடம்பத்தூர் பக்கம் நடவுக்கும் அறுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவர், பிறகு இங்கே ரோலிங் மில்லில் சேர்ந்தார். அனலில் பொசுங்கி அவர் முன்கையில் முடியே கிடையாது. என் பட்டத்தின் ஜெராக்ஸைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். ஒரிஜினல் எங்கே என்று யாராவது கேட்டால், "அத கம்பெனிலயே பத்தரமா வெச்சினுகீறாங்க" என்று பெருமையாகச் சொல்வார்.

பயோடெக்னாலஜி படித்தால் உலகமே கூப்பிடும் என்று கல்லூரியில் சொன்னார்கள். எங்கள் வகுப்பில் ஐம்பத்தெட்டு பேர். டி.என்.ஏ.வைப் பெருக்குகிற மெஷின் ஒன்றே ஒன்று, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தது. இன்ஸ்பெக்ஷன் வரும்போது அதைத் துடைப்பார்கள். அந்த மெஷினை நான் ஓட்டியதில்லை, போர்டில் வரைந்திருக்கிறேன். படித்து முடித்ததும் பாதிப் பேர் கால் சென்டருக்குப் போனார்கள், சிலர் கல்யாணத்துக்கு. நான் பாட்டில் டெஸ்ட் பண்ண வந்தேன். மரபணுவுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் போகவில்லை.

எனக்கு அந்த வழி திறந்தது. சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மரபியல் ஆராய்ச்சிக்கு நான்கே இடம். அதில் ஒன்று என் பெயருக்கு வந்திருந்தது. ஜூலை இருபதாம் தேதி ஒரிஜினலோடு நேரில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இந்தக் கடிதத்தைத்தான் வரதன் சாரின் மேஜைமேல் வைத்தேன்.

அவர் அதை நிதானமாகப் படித்தார். "கங்கிராட்ஸ்மா. பதினெட்டாம் தேதி ஆடிட்டு. இப்ப நீ போய்ட்டா லேப யாரு பாக்கறது? ஒண்ணு பண்ணு. ஆடிட் முடியறவரைக்கும் ஒரு பேட்ச் கூட ஃபெயிலாவாம பாத்துக்கோ. அன்னிக்கு சாயந்தரமே உன் கவர எடுத்துக் குடுத்துடறேன்."

"ஃபெயிலாச்சுன்னா சார்?"

"ஆச்சுன்னா விசாரணை. டெஸ்ட் பண்ண ஆளு ஒரு மாசம் எங்கயும் நகர முடியாது. அது ரூல்ஸுமா, நான் போட்டதில்ல."

பொய் எழுது என்று அவர் சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவுமில்லை. என் வக்கீல் மிரட்டினார்கள் என்கிறார். அப்படி எதுவும் நடக்கவில்லை.

டெஸ்ட் என்பது இதுதான். ஒரு பேட்ச்சிலிருந்து இருபது பாட்டில் எடுத்து, அந்தத் திரவத்தை வடிகட்டி, வடிகட்டியைச் சத்துநீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய்களில் போட்டுப் பதினான்கு நாள் இதமான சூட்டில் வைப்போம். பாட்டிலில் கிருமி இருந்தால் அது தின்று பெருகும், குழாய் கலங்கும். தெளிவாகவே இருந்தால் பேட்ச் லாரி ஏறும். தினமும் பார்த்து ரிஜிஸ்டரில் ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். மொத்தம் பதினான்கு கட்டம்.

எங்கள் லேபில் பதினான்கு கட்டத்தையும் முதல் நாளே நிரப்பிவிடுவார்கள். "வளர்ச்சி இல்லை" என்று மேலிருந்து கீழே வரிசையாக. பேனாவின் மை மட்டும் மாற்றி மாற்றி எழுதுவார்கள். எனக்கு முன்னால் இருந்தவர்கள் அப்படி, மோனிகாவும் அப்படி. வருடக்கணக்கில் எதுவும் ஆகவில்லை, அதனால் அது தப்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் மட்டும் தினமும் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு அந்தந்த நாள் கட்டத்தை எழுதுவேன். "இன்னாடி, குழாய்க்குள்ள மாப்பிள்ள தேடறியா" என்று மோனிகா கிண்டல் பண்ணுவாள்.

என் மாதிரி பார்க்கிற இன்னொரு ஆள் அங்கே இருந்தார். பேக்கிங்கில் வேலை செய்யும் பீவி ஜான் அம்மா. பழவேற்காட்டிலிருந்து கம்பெனி வேனில் வருவார். ஒவ்வொரு பாட்டிலையும் விளக்குப் பலகைக்கு முன்னால் தலைகீழாகக் கவிழ்த்து, தூசு மிதக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பொரித்த மீனில் பாதியை என் டப்பாவில் வைத்துவிட்டுச் சொல்வார். "கண்ணுக்குத் தெரியற அழுக்க நான் பாக்கறேன் கண்ணு. தெரியாதத நீ பாத்துக்கோ. நம்ம ரெண்டு பேரத் தாண்டித்தான் எதுவும் போவணும்." அவர் மகள் ஜபீன் அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை.

ஜூலை நான்காம் தேதி ஒரு பேட்ச் வைத்தேன். ஆடிட் வேலை தலைக்குமேல் இருந்ததால் பதினான்கு கட்டத்தையும் அன்றே நிரப்பினேன். வாழ்க்கையில் முதல் தடவை. இதை மறைக்கவில்லை. ஆனால் பழக்கம் விடவில்லை, தினமும் குழாயை எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மோனிகாவைப் போல விட்டிருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தெரியாதவர்களை நீங்கள் இங்கே கூப்பிட்டு உட்கார வைப்பதில்லை. இரண்டு கேள்வி கேட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

பதினோராம் நாள், சனிக்கிழமை காலை, இரண்டு குழாய்கள் கலங்கியிருந்தன. கஞ்சித் தண்ணீர் மாதிரி. ஆட்டினால் அடியிலிருந்து புகை எழும்புவதுபோல் வந்தது. கிருமி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நான் படித்த படிப்பில் உருப்படியாகக் கைவந்தது அது ஒன்றுதான்.

அன்று நான் பொய் எதுவும் எழுதவில்லை. கட்டம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அந்த இரண்டு குழாய்களையும் கழிவோடு சேர்த்து, கிருமியைக் கொல்கிற பிரஷர் பாத்திரத்தில் வேக வைத்துக் கொட்டினேன். புதிதாக இரண்டு குழாய்களில் சத்துநீர் ஊற்றி, அதே நம்பர் எழுதி, அதே இடத்தில் வைத்தேன். எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. நடுங்கினால் குழாயில் வெளிக்கிருமி விழுந்துவிடும்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். யாரிடம்? வரதன் சாரிடம் சொன்னால் விசாரணை, ஒரு மாதம், இடம் போய்விடும். அப்பாவிடம் சொன்னால் ஜெராக்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். உங்கள் மருந்துக் கட்டுப்பாட்டு ஆபீசுக்கு வந்திருந்தால், கம்பெனி லெட்டர்பேடில் எழுதி வாங்கி வா என்றிருப்பீர்கள். எந்தக் கதவைத் தட்டினாலும் என் கவர் அந்தப் பீரோவுக்குள்தான் இருக்கும். தவிர, கலங்கியது இரண்டே இரண்டு. மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. மிச்சப் பாட்டில்கள் எல்லாமே கெட்டிருக்கும் என்று யார் சொல்ல முடியும்?

செத்தது ஏழு பேர் என்று பேப்பரில் போட்டார்கள். நீங்கள் ஆறு என்கிறீர்கள். ஆறு என்றே வைத்துக்கொள்கிறேன். எல்லாரும் பிள்ளை பெற்றவர்கள், ஒரே வார்டு. நீங்கள் பெயர்களை வாசித்தபோது இரண்டாவது பெயரில் நான் தலை குனிந்ததாகக் குறித்துக்கொண்டீர்கள். அது ஏன் என்று கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

பதினெட்டாம் தேதி ஆடிட் நல்லபடியாக முடிந்தது. வந்த அதிகாரி குழாய்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, வெரி கிளியர் என்றார். சாயந்தரம் வரதன் சார் பீரோவைத் திறந்து கவரை எடுத்தார். "எண்ணிப் பாத்துக்கோம்மா. அப்புறம் ஒண்ணு காணோம்னு வரக்கூடாது." உட்கார்ந்து எண்ணினேன். ஒன்பதும் இருந்தன. எம்.எஸ்ஸி. பட்டத்தின் ஓரத்தில் கரப்பான் கடித்திருந்தது. அதற்குத்தான் ஐயா அன்று அழுதேன். வேறு எதற்கும் இல்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் லாரியில் அட்டைப்பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெட்டிமேல் நம்பரைப் பார்த்தேன். நான் டெஸ்ட் செய்த பேட்ச்தான். பீவி ஜான் அம்மா வேனுக்காக நின்றுகொண்டிருந்தார். என் கையில் கவரைப் பார்த்ததும் இரண்டு கன்னத்தையும் வழித்து நெட்டி முறித்தார்.

"கெளம்பிட்டியா கண்ணு? பெரிய ஆளாயி வா. எங்க ஜபீனுக்கு அடுத்த வாரம் ஆபரேசன் பண்ணித்தான் எடுக்கணும்னுட்டாங்க. ஒரே பேஜாரா கீது."

எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டேன். சொன்னார். டிரைவர் கையில் வைத்திருந்த சீட்டில் அதே பெயர்தான் இருந்தது, நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

"நம்ம பாட்டிலுதான் அங்க ஏத்துவாங்களாம்" என்று லாரியைக் காட்டிச் சிரித்தார். "இது நீ பாத்ததுதான?"

இரண்டு நாளில் அட்மிஷன். ஒரு வார்த்தை சொன்னால் லாரி நிற்கும். லாரி நின்றால் கவர் மறுபடி பீரோவுக்குள் போகும். ஆனால் இதையெல்லாம் அங்கே நின்று யோசித்ததாகச் சொன்னால் அது பொய். சனிக்கிழமையே யோசித்து முடித்தாயிற்று.

"ஆமாம்மா, நான்தான் பாத்தேன்" என்றேன்.

அவர் என் தலையில் கை வைத்தார். லாரி பின்னால் எடுக்க இடைஞ்சலாக இருந்ததால் ஒதுங்கி வழிவிட்டேன். பிறகு கேட்டைத் தாண்டி நடந்தேன். கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது முழுக்க என்னுடையது. அந்தக் கம்பெனியிலிருந்து அடுத்தவர்களுடையது எதையும் நான் எடுத்துக்கொண்டு வரவில்லை.