நோகாத ஊசி

ஊசி போடுவதில் பாதி வேலை கதைதான், சேர். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்துவிட்டு, வீட்டில் பூனை குட்டி போட்டதா, டீச்சர் இன்றைக்கு என்ன நிறத்தில் சாரி உடுத்து வந்தார் என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளை பதில் சொல்லி முடிக்கும்போது ஊசி வெளியே வந்திருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் டொக்டர் ஸைனுலாப்தீனின் டிஸ்பென்சரிக்கு நோயாளிகளுக்கு நம்பர் துண்டு கொடுக்க வந்தவள். பார்த்துப் பார்த்துக் கையில் எடுத்ததுதான் எல்லாம்.

என்னோடு இருந்த கனகேஸ்வரி அக்கா அப்படியில்லை. முறையாகப் படித்த தாதி. அரச ஆஸ்பத்திரியில் ஓய்வுபெற்ற பிறகு, பாண்டிருப்பிலிருந்து பின்னேரங்களில் பஸ்ஸில் வந்துபோவார். நல்ல மனுசிதான். ஆனால் கதைக்க மாட்டார். பஞ்சால் துடைப்பார், குத்துவார், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

நீங்கள் பெனிசிலினைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்குப் பிடித்த விஷயம், சந்தோஷமாகச் சொல்கிறேன். பெனிசிலின் ஒரு மருந்தல்ல, ஒரு பெரிய குடும்பம். எல்லோருக்கும் பழக்கமானது அமொக்ஸிசிலின். காது வலி, தொண்டை, நெஞ்சுச் சளி என்று எந்த வீட்டுக்கும் போய்வருகிற கலகலப்பான மருமகன் மாதிரி. சின்னதுகளுக்கு அதைப் பாணியாகக் கலக்கிக் கொடுப்போம். குளொக்ஸசிலின் தோலுக்கு, நாவிதன்வெளி வயலில் மண்வெட்டி பட்டுக் கால் சீழ் வைத்து வருகிறவர்களுக்கு டொக்டர் அதைத்தான் எழுதுவார். நாய் கடித்து வந்தால் கோ-அமொக்ஸிகிளேவ். எலிக்காய்ச்சல் கடுமையானால் ஆஸ்பத்திரியில் நாளத்தில் ஏற்றுவது இன்னொன்று. ஒருவருக்கு இந்தக் குடும்பத்தில் ஒன்று ஒவ்வாமல் போனால் முழுக் குடும்பத்தையும் படலைக்கு வெளியே நிறுத்திவிட வேண்டும். கல்யாணப் பேச்சு முறிந்த வீடுகள் மாதிரி.

இந்தக் குடும்பத்தில் முரடன் ஒருவன் இருக்கிறான். பென்சத்தீன் பெனிசிலின். பால் போல வெள்ளை, கஞ்சி போலத் தடிப்பு. தடித்த ஊசியில்தான் இறங்கும். கொஞ்சம் தாமதித்தாலும் ஊசிக்குள்ளேயே அடைத்துக்கொள்ளும். போட்ட இடம் கல் வைத்துத் தைத்தது போல நோகும். ஆனால் உடம்புக்குள் தங்கி, வாரக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கரைந்து காவல் நிற்கும்.

அந்தக் காவல் மூட்டுவாதக் காய்ச்சல் வந்த பிள்ளைகளுக்கு வேண்டும். தொண்டையில் ஒரு கிருமி வந்து போகும். அதோடு சண்டை பிடித்த வேகத்தில் உடம்பு தன் மூட்டுகளையும் இருதயத்தின் வால்வுகளையும் தாக்கிவிடும். மூட்டு சுகமாகிவிடும். வால்வில் விழுந்த தழும்பு போகாது. கிருமி திரும்ப வந்தால் தழும்பின் மேல் தழும்பு. அதனால்தான் மாதாமாதம், வருடக்கணக்காக, இந்த ஊசி.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும், சேர். தெரியாமல் செய்தாள் என்று எழுதிவிடாதீர்கள். அது என் வேலையைக் குறைத்து மதிப்பது.

ஹுஸ்னியாவுக்கு அந்தக் காய்ச்சல் வந்தபோது ஏழாம் ஆண்டில் படித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் சுகமாக்கி, மாதாந்த ஊசி எழுதி அனுப்பினார்கள். இருதய வருத்தக்காரி என்று ஊரில் பெயர் வந்தால் நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காது என்று அவளுடைய உம்மா ஜெஸீமாவுக்குப் பயம். கிளினிக் வரிசையில் நிற்க வைக்காமல் எங்கள் டிஸ்பென்சரிக்குக் கூட்டி வந்தாள். முதல் சில மாதம் கனகேஸ்வரி அக்காதான் போட்டார். பிள்ளை கதறும் சத்தம் எதிரே சைக்கிள் கடை வரைக்கும் கேட்கும். வால்வு கொஞ்சம்தான் பழுது, இப்படியே போட்டு வந்தால் ஒன்றும் ஆகாது என்று டொக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு அக்கா மகளின் கல்யாண வேலையாக லீவில் போனார். அந்த மாத ஊசி என் கைக்கு வந்தது.

"மாமி, இண்டைக்கி வேணாம். நாளைக்கிப் போடுவம்," என்றாள் ஹுஸ்னியா.

"நாளைக்கும் இதே ஊசிதான் மகள். கண்ண மூடிட்டு ஸலவாத்து ஓதுங்க."

ஓதினாள். தோள் இரண்டும் நடுங்கின. நான் மருந்தைக் கலக்கி இழுத்துக் காற்றை வெளியேற்றும்போது ஊசி அடைத்துக்கொண்டது. தட்டில், இன்னொரு நோயாளிக்காக எடுத்து வைத்த சேலைன் ஊசி இருந்தது. வெறும் உப்புத் தண்ணீர். மெல்லிய ஊசி. அதை எடுத்துப் போட்டுவிட்டேன்.

"முடிஞ்சா மாமி? நோகவே இல்லியே," என்று திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், சேர். ஜெஸீமா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அலமாரியில் வேறு மருந்து இருந்தது. உண்மையைச் சொல்லித் திரும்பப் போட்டிருக்கலாம்தான். ஆனால் சிரித்துக்கொண்டு எழும்புகிற பிள்ளையை மறுபடி குப்புறப் படு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? அடுத்த மாதம் சரியாகப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் அவள் ஓடி வந்தாள். சேர், ஊசிக்கு ஒரு பிள்ளை ஓடி வருகிறது. கையில் எனக்கென்று தொதல் துண்டு வேறு. எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தத் துண்டைத் தின்றுவிட்டு அவளை நான் எப்படி அழ வைப்பேன்?

மருந்தை நான் ஒருநாளும் விற்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கலக்கி, கை கழுவுகிற தொட்டியில் ஊற்றிவிடுவேன். ஒரு நிமிடம் பால் கொட்டியது போலிருக்கும். தண்ணீரைத் திறந்தால் போய்விடும்.

கதை பரவியது. முஸ்பிறாவின் கை பஞ்சு என்று சாய்ந்தமருதிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் உம்மாமார் வரத் தொடங்கினார்கள். டொக்டருக்குப் பெருமை. கனகேஸ்வரி அக்கா லீவு முடிந்து வந்தபோது அவரிடம் போக எந்தப் பிள்ளையும் சம்மதிக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. ஒருநாள் பக்கத்தில் வந்து கேட்டார்.

"முஸ்பிறா, எப்பிடிகா நீ நோகாமப் போடுறாய்? எனக்கும் சொல்லித் தா."

"ஒண்டுமில்ல அக்கா. குப்பிய உள்ளங்கையில வெச்சிச் சூடாக்குங்க. போடுற இடத்த விரலால நல்லா அமத்திப் பிடிங்க. மறுகா மெல்ல மெல்ல மருந்தத் தள்ளுங்க."

பாவம், வேறொரு ஊசிக்குப் புதிதாக வந்த பிள்ளைக்கு அப்படியே செய்து பார்த்தார். பிள்ளை அலறியது. "எனக்கு அந்தக் கை இல்ல போல," என்று சொல்லிச் சிரித்தார். அந்த வருடத்தோடு டிஸ்பென்சரிக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. ஒரு நல்ல சீலை வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஹுஸ்னியாவுக்கு இடைக்கிடை தொண்டை நோகும், காய்ச்சல் வரும். ஒருமுறை முழங்கால் வீங்கி, பள்ளிக்கூடம் போகாமல் கிடந்தாள். டொக்டர் குழம்பிப் போனார். ஊசி தவறாமல் போட்டும் ஏன் திரும்ப வருகிறது என்று புத்தகமெல்லாம் புரட்டினார். இனி மூன்று கிழமைக்கு ஒருமுறை போடச் சொன்னார். நானும் மூன்று கிழமைக்கு ஒருமுறை போட்டேன். அவளை முன்பைவிட அடிக்கடி காண முடிந்தது.

இன்னொரு நாள் டொக்டர், "முஸ்பிறா, இந்தப் புள்ளைக்கி ஊசிய நிப்பாட்டிட்டுப் பெனிசிலின் குளிசை குடுப்பமா? ஒரு நாளைக்கி ரெண்டு தரம் குடிச்சாச் சரி," என்று கேட்டார்.

நான் யோசித்துவிட்டுச் சொன்னேன், "வேணாம் டொக்டர். சின்னப் புள்ள, குடிக்க மறந்திடும். ஊசியெண்டா நம்மட கண்ணுக்கு முன்னால போகுது."

இந்த இடத்தில் நீங்கள் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறீர்கள். குளிசை என்றால் அவள் பிறகு எதற்கு என்னிடம் வருவாள், சேர்? மருந்துக்கடைக்குத்தானே போவாள்.

அவள் வளர்ந்தாள். உயர்தரப் பரீட்சை எடுத்தாள். ஜெஸீமா மகளுக்கென்று கட்டிய வீட்டின் மேல்மாடிக்கு ஏறும்போது ஹுஸ்னியா நடுவில் ஒருதரம் நிற்பாள். உடம்பு பலவீனம் என்று நான் சொல்ல, உம்மா முட்டைக் கோப்பி அடித்துக் கொடுத்தாள். கல்முனையில் போன் கடை வைத்திருக்கிற றிப்தி மாப்பிள்ளையாக வந்தான். தங்கமான பொடியன். கல்யாண வீட்டில் என்னைப் பெண்ணுக்குப் பக்கத்தில் இருத்தி, "இவதான் என்னப் பாத்த மாமி. இவவில்லாட்டி நான் இல்ல," என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்களிடம் அவள் சொன்னாள். நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு அழுதேன். வீடியோவில் இருக்கிறது.

பிள்ளை தங்கிய பிறகுதான் கஷ்டம். வயிற்றில் பிள்ளை வளர வளர இரத்தம் கூடும். இருதயம் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். அவளுடைய வால்வு சுருங்கி, ஊசிக் கண் போலாகியிருந்தது. மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவளால் படுக்கவே முடியவில்லை, இருந்தபடியே மூச்சு வாங்கினாள். நான் பார்க்கப் போனேன். முதுகைத் தடவிவிட்டேன். "மாமி, நீங்க போட்டா எனக்குச் சரியாகும். டொக்டர்மார்ட்டச் சொல்லுங்களன்," என்றாள்.

மறுநாள் மௌத்தாகிவிட்டாள். அதற்கு முன் பிள்ளையை வெட்டி எடுத்திருந்தார்கள். பெண் பிள்ளை. உயிரோடிருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். அதைப் பற்றி யாருமே பேசுவதில்லை.

மையித்து வீட்டுக்குக் கனகேஸ்வரி அக்காவும் வந்திருந்தார். இவ்வளவு ஊசி போட்டும் வால்வு எப்படி இப்படிக் கெட்டது என்று பெரிய டொக்டர்மாரே கேட்டார்களாம் என்று ஜெஸீமா அவரிடம் அழுதிருக்கிறாள். அழுகிற வாயால் என்னைப் புகழ்ந்தும் இருக்கிறாள். முஸ்பிறாவின் ஊசி தலைமயிர் போல மெல்லிசு, அக்கா, பிள்ளைக்குக் குத்தினதே தெரியாது என்றாளாம்.

அக்கா எழும்பி நேரே நான் நின்ற குசினிப் பக்கம் வந்தார்.

"முஸ்பிறா, அந்த மருந்து மெல்லிசு ஊசியில இறங்காது."

"ஓம் அக்கா."

"அப்ப நீ என்னத்தப் போட்டாய்?"

"சேலைன்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "விறைப்பு மருந்து கொஞ்சம் கலந்தா நோவு குறைஞ்சிருக்குமே. குளிசையும் இருந்திச்சே. எத்தினையோ வழி இருந்திச்சேகா," என்றார். நான் தேநீர்க் கோப்பையை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அங்கிருந்துதான் முறைப்பாடு சொல்ல உங்களிடம் வந்திருக்கிறார். வரட்டும். வயதான மனுசி, மனம் தாங்காது.

ஜெஸீமா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். கொஞ்சநாள் போனால் யோசிப்பாள். அவளுடைய மகள் சின்ன வயதில் பட வேண்டிய அத்தனை நோவையும் படாமல் வளர்ந்ததை அவள் ஒருநாள் நினைத்துப் பார்ப்பாள்.

சரி, மற்றப் பிள்ளைகளைக் கேட்டீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. சாய்ந்தமருதில் அப்ராஸ். மருதமுனையில், நெசவுக்காரர் வீட்டு அக்காவும் தங்கச்சியும். சொறிக்கல்முனையில் பவிதரன், நன்றாகப் பந்து போடுவான், இப்போது ஓட இளைக்கிறதாம், அதனால் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்கிறான். இந்த நாலு பேரும்தான் மாதாந்த ஊசிக்காரர். எல்லோருக்கும் சேலைன்தான் போட்டேன், முதல் நாளிலிருந்து.

அவர்களைக் கூப்பிட்டு உண்மையான மருந்தைப் போடப் போகிறீர்களாம். கனகேஸ்வரி அக்காவைத்தான் கேட்டிருக்கிறீர்களாம். எனக்கு அதில் மனவருத்தம் இல்லை. ஆனால் என்னையும் ஒரு பக்கத்தில் நிற்க விடுங்கள், சேர். அந்தப் பிள்ளைகள் நோவில் துடிக்கும்போது, அவர்கள் மேல் இரக்கமுள்ள ஒரு ஆளாவது அங்கே இருக்க வேண்டாமா.