கார் பின்சீட்டில் சொன்னது

பன்றிக் கொட்டகைக்கு நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. வாடை துணியை விட்டுப் போகாது. அன்று அவசரமாகக் கூப்பிட்டதால் என்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டோடு போய்விட்டேன்.

கனடாவில், தெற்கு மானிட்டோபாவில், எங்கள் மென்னோனைட் கிறிஸ்தவ சபை ஜனங்கள் பேசும் ஜெர்மனுக்குப் போலீஸ் அழைக்கும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். பண்ணை முதலாளி ஐசக் பென்னர் கொட்டகையில் மண்டை உடைந்து கிடந்தார். பிணத்தை முதலில் பார்த்தவன் கூலியாள் யோஹான் வீபே. மெக்சிகோவில் எங்கள் சபையார் குடியிருக்கும் காலனியிலிருந்து வந்து எட்டு மாதம்தான்.

போலீஸ் காரின் பின்சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கால்சட்டையையும் வெட்டிய முடியையும் பார்த்தான்.

"சபையை விட்டு ஓடிப்போனவதானே நீ? ஒரு ஆம்பளைய அனுப்பச் சொல்லு. உன் அசிங்கம் புடிச்ச வாயால என் பேச்சு போக வேண்டாம்."

"என்ன சொல்றான்?" என்று முன்சீட்டிலிருந்த அதிகாரி டாயில் கேட்டார்.

"குளிருதாம்" என்றேன்.

டாயில் அவனுடைய உரிமைகளைப் படித்தார். முறையாகச் சொன்னேன். யோஹான் அழ ஆரம்பித்தான்.

"விடியக்காலைல வரச் சொன்னாரு. நான் தூங்கிட்டேன். கூட இருந்திருந்தா செத்திருக்க மாட்டாரு. எல்லாம் என் தப்புதான்."

டாயிலிடம் நான் சொன்னது இது: "விடியக்காலைல வந்தேன். நான்தான் அடிச்சேன். எல்லாம் என் தப்புதான்." கடைசி வாக்கியம் அவனுடையதே. காரில் பதிவுக் கருவி இல்லை. வக்கீல் வந்த பிறகு அவன் வாய் திறக்கவில்லை.

எனக்குக் கோபம் எதுவும் இல்லை. பென்னரை யார் கொன்றார்கள் என்றும் தெரியாது. அது என் வேலையும் அல்ல.

அந்த வாக்குமூலத்தை ஏற்கலாமா என்று நீதிமன்றத்தில், ஜூரியை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு நாள் வாதாடினார்கள். அவனுடைய வக்கீல் பிரெனன் குளிரைப் பிடித்துக்கொண்டார். நடுங்கிக்கொண்டிருந்தவன் மனமுவந்தா சொல்லியிருப்பான்? இல்லாத குளிரைப் பற்றி அரை நாள் பேசினார்.

"அடிச்சேன்னு நான் சொல்லவே இல்ல. அவ புளுகுறா!" என்று யோஹான் கத்தினான். வின்னிபெக்கிலிருந்து வந்திருந்த வேறொரு மொழிபெயர்ப்பாளர் அதை அப்படியே சொன்னார்.

"உங்களுக்குள் முன்பகை உண்டா?" என்று நீதிபதி என்னைக் கேட்டார்.

"அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்த்தேன்" என்றேன். அது உண்மை.

தானாக முன்வந்து சொன்னதுதான், ஏற்கலாம் என்றார் நீதிபதி. அதன் பிறகு ஜூரிக்கு வேறு சாட்சியம் அதிகம் தேவைப்படவில்லை. ஆயுள் தண்டனை.

வராந்தாவில் அவன் மனைவி அன்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. "அக்கா, நீதிபதி என்னதான் சொன்னாரு? எல்லாரும் என்னை ஏமாத்துறாங்க. உங்களைத்தான் நம்புறேன்."

ஆயுள் என்றால் என்ன, எத்தனை வருஷம் கழித்து விடுதலைக்கு மனுப் போடலாம் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்னை நம்பியவர்களுக்கு நான் ஒரு சொல்லையும் மாற்றிச் சொன்னதில்லை.