காப்பி பாய்காட்

சீமைத்துணிக் கடைகளின் வாசலில் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். லஸ்ஸில் ட்ராம் கிளம்பியதும், முன் பெஞ்சில் இருந்த பச்சைப் புடவை மாமி பக்கத்து மாமியிடம் சாவதானமாகச் சொன்னாள்.

“எங்காத்துல அவரை பாய்காட் பண்ணியிருக்கேன்.”

“துணிக்கடையைப் பண்ணுவா. ஆத்துக்காரரையா?”

“பொண்ணைக் காலேஜுக்கு அனுப்பமாட்டேன்னார். காப்பியை நிறுத்திட்டேன். பேச்சும் கிடையாது.”

“கோச்சுண்டாரா?”

“சிரிச்சார். ‘பாய்காட்ங்கறது ஒரு மனுஷன் பேருடி, அதாவது தெரியுமா’ன்னு ஆரம்பிச்சார். அயர்லாந்துல ஜமீனுக்குக் குத்தகை வசூல் பண்ணின வெள்ளைக்காரனாம். மகா பிடிவாதக்காரனாம். ஊர்ல ஒருத்தரும் அவனுக்கு வேலை செய்யலையாம், சாமான் விக்கலையாம், முகம் கொடுத்துப் பேசலையாம். நான் வாயைத் திறக்காம கேட்டுண்டிருந்தேன்.”

“கடைசியில அவன் என்ன ஆனானாம்?”

“ஊரை விட்டே போயிட்டானாம். அதைச் சொல்றச்சே இவருக்குக் குரல் இறங்கிடுத்து. அப்புறம், காலேஜ்ல விசாரிச்சுண்டு வரேன்னு சட்டையை மாட்டிண்டு கிளம்பிட்டார்.”

“அப்பவாவது காப்பி கொடுத்தியோ?”

மாமி ட்ராம் டிக்கெட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

“டிகாக்‌ஷன் போட்டு வச்சிருக்கேன். விசாரிச்சுண்டு வரட்டும்.”