பானட்டின் மேல் ஒரு சாண் கோடு

விழாவுக்குத் தலைமை ஏற்று, மணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் மரியாதைக்குரிய முருகேசன் ஐயா அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் மூத்தவர்களே! திருச்சி சாலையிலும் பழனி சாலையிலும் மதுரை சாலையிலும் கடை போட்டு, கண்ணாடிக்குக் குளிர்ச்சியும் காருக்குக் காப்பும் கொடுக்கும் கடை முதலாளிமார்களே! காலை முதல் மாலை வரை சோப்புத் தண்ணீரில் ஊறி, விரல் நுனியெல்லாம் வெளுத்துப்போன தொழிலாளத் தோழர்களே! ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் சாப்பாட்டு டோக்கனுமாகப் பொறுமையோடு காத்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் வெள்ளைச் சட்டையில் அமர்ந்திருக்கும், என்னைப் பெற்ற அத்தா நூர் அகமது அவர்களே! உங்கள் எல்லோருக்கும் பதினோராம் வகுப்பு படிக்கும் இஃப்பத்தின் சலாம்; பணிவான வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு 'தொழில் தர்மம்'. கொடுத்த நேரம் பத்து நிமிடம். அத்தா படித்துப் பார்த்து, "நல்லாருக்கும்மா" என்று சொன்ன தாள் இதோ என் கையில் இருக்கிறது. அதை மடித்து வைக்கிறேன். நான் படிக்கப்போவது வேறு தாள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வேதியியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதியது. எங்கள் வீட்டில் இதை யாரும் பார்க்கவில்லை.

ஒலிபெருக்கி அமைத்திருக்கும் பழனிக்குமார் அண்ணனுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். நடுவில் யார் கை காட்டினாலும் மைக்கை நிறுத்திவிடாதீர்கள் அண்ணே. ஒருமுறை நின்றால் மறுபடி தொடங்க எனக்குத் தைரியம் வராது.

பெரியோர்களே! நம் தொழில் என்ன தொழில்? வெயிலோடு மல்லுக்கு நிற்கும் தொழில்! திண்டுக்கல் வெயில் காருக்குள் புகாமல், பிலிம் ஒட்டிக் கண்ணாடியிலேயே தடுத்து நிறுத்தும் தொழில்! எத்தனை விதமான ஆட்கள் நம்மிடம் வருகிறார்கள்! போன மாதம் ஒருவர் வந்தார். "பாய், போலீசு பாத்தா வெள்ளையாத் தெரியணும், பக்கத்து வீட்டுக்காரன் பாத்தா கறுப்பாத் தெரியணும். அப்படி ஒரு பிலிம் இருக்கா?" என்றார். அத்தா சொன்னார், "அந்த மாதிரி பிலிம் வந்துச்சுன்னா முதல்ல என் மூஞ்சில ஒட்டிக்கிறேன், நீங்க போயிட்டு வாங்க."

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். நானும் அன்றைக்குச் சிரித்தேன். பிறகு நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒரு பிலிமை அத்தா ஒட்டிக்கொள்ளவில்லை. நான்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கு ஒரு நிறம், எனக்கு ஒரு நிறம். ஏறத்தாழ இரண்டு வருடங்களாக.

அதைத்தான் இன்றைக்கு உரிக்க வந்திருக்கிறேன்.

இந்தச் சபைக்கு பிபிஎப் என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். புது வண்டியின் பெயின்ட் மேல், கண்ணுக்கே தெரியாத ஒரு தோலைப் போர்த்துவது. முள் உரசினாலும், கல் தெறித்தாலும் அடியெல்லாம் அந்தத் தோலுக்குத்தான். பெயின்ட் புதிதாகவே இருக்கும். அதற்கு இன்னொரு குணமும் உண்டு. அடியில் மெல்லிய கீறல் இருந்தால், பசை அந்தப் பள்ளத்தில் இறங்கி அதை மறைத்துவிடும். பார்ப்பவர் கண்ணுக்குப் பளபளப்பு மட்டும்தான் தெரியும்.

நான் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. சேவுகம்பட்டியிலிருந்து ஒச்சப்பன் ஐயா தன் புது வண்டியோடு எங்கள் கடைக்கு வந்தார். தென்னந்தோப்பு வைத்திருப்பவர். கருஞ்சிவப்பு வண்டி. "பாய், எங்க தோட்டத்துப் பாதை ரெண்டு பக்கமும் வேலிமுள்ளு. வண்டி வாங்குறதுக்குப் பத்து வருசம் பொறுத்தாச்சு. ஒரு கீறல் விழக்கூடாது" என்றார். வண்டியைத் தொட்டுப் பார்த்த அந்தக் கை, பிறந்த குழந்தையின் தலையைத் தொடுவது போல இருந்தது.

அந்த வேலை நாகஜோதி அக்காவுக்கு. சாணார்பட்டியிலிருந்து பஸ் ஏறி வருபவர். ஏழு வருடம் எங்கள் கடையில் வேலை பார்த்தவர். அவர் ஒட்டினால் குமிழி இருக்காது, மடிப்பு இருக்காது. மற்றவர்கள் கை நுழையாத பின்கண்ணாடி மூலையில் அவர் கை நுழையும். "ஜோதி ஒட்டினதா? அப்ப சரி" என்று கேட்டு வாங்கிப் போனவர்கள் இந்தச் சபையிலேயே இருக்கிறீர்கள்.

பானட்டில் பிலிமை இழுத்து ஒட்டிவிட்டார். ஓரத்தில் மிச்சத்தை அறுப்பது மட்டும் பாக்கி. அந்த நேரத்தில் அவர் மகள் பவித்ராவுக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து போன் வந்தது. "பாப்பா, செத்த நேரம் பாத்துக்க. ஓரம் காஞ்சிறாம தண்ணி மட்டும் தெளிச்சுக்கிட்டே இரு. வேற எதையும் தொட்றாத" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

தண்ணீர் மட்டும் தெளித்தேனா? இல்லை, தோழர்களே, இல்லை!

பிளேடை எடுத்தேன். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. அக்கா திரும்பி வந்து, "அட, நீயே அறுத்துட்டியா!" என்று வாய் பிளக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். "பிலிம் மட்டும் அறுபடணும் பாப்பா, அடியில இருக்குறதுக்குத் தெரியவே கூடாது" என்று அவர் எத்தனையோ முறை மற்றவர்களிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேட்ட காதுக்கும் பிடித்த கைக்கும் எவ்வளவு தூரம்! கிர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பிலிமைத் தூக்கிப் பார்த்தேன். புது வண்டியின் பெயின்ட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு. உள்ளே தகடு பளிச்சென்று தெரிந்தது.

என்ன செய்திருக்க வேண்டும்? கத்தியிருக்க வேண்டும். அழுதிருக்க வேண்டும். அக்காவிடம் ஓடியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? சோப்புத் தண்ணீர் தெளித்தேன். பிலிமை மேலே இழுத்து மூடினேன். ரப்பர் பட்டையால் அழுத்தி அழுத்தித் தண்ணீரை வெளியேற்றினேன். கோடு மறைந்துவிட்டது. அக்கா வந்து பார்த்து, "அறுத்தது யாரு?" என்றார். "மிச்சத்தை மட்டும் லேசா எடுத்தேங்க்கா, ஓரமா" என்றேன். "கை வச்சிட்டியே, வாலு" என்று தலையில் ஒரு தட்டு தட்டினார். அடியில் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. பாதி உண்மையைச் சொன்னவள் மீதியை மறைத்திருப்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

எட்டு மாதம் போயிற்று. தைப் பொங்கல் முடிந்த வாரம் ஒச்சப்பன் ஐயா வண்டியோடு வந்தார். பிலிமின் ஓரம் தூக்கியிருந்தது. அத்தா உரித்தார். அடியில் அந்தக் கோடு, துருப் பிடித்துப் பழுப்பாக, பக்கத்துப் பெயின்ட்டையும் உப்ப வைத்திருந்தது. ஒச்சப்பன் ஐயா சத்தம் போடவில்லை. "முள்ளு கீறிருமேன்னு பயந்துதான் உங்ககிட்ட வந்தேன். முள்ளே தேவலைன்னு ஆக்கிட்டீகளே பாய்" என்றார். அவ்வளவுதான்.

அத்தா நாகஜோதி அக்காவைக் கூப்பிட்டார்.

"ஜோதி, இந்த வண்டி நீ பாத்ததுதான?"

"நாந்தான் பாய். ஆனா இம்புட்டு ஆழத்துக்கு நான் கத்தி வைக்க மாட்டேன். உங்களுக்கே தெரியும்ல."

"அப்ப கத்தி தானா நடந்து போச்சா?"

நான் அங்கேதான் இருந்தேன். பள்ளிக்கூடப் பையோடு கல்லா ஓரம் நின்றுகொண்டிருந்தேன். அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பாப்பா, அன்னைக்கு நான் போன் பேசப் போனேன்ல. அப்ப ஓரத்தை எடுத்தேன்னு சொன்னியே. கத்தி எங்கயாச்சும் எறங்குச்சா?"

"நான் எதையும் தொடலையேக்கா" என்றேன்.

பெரியோர்களே, நான் எத்தனையோ மேடைகளில் பேசியிருக்கிறேன். நீட்டி முழக்கியிருக்கிறேன். அடுக்கு அடுக்காகச் சொற்களைக் கோத்திருக்கிறேன். என் வாழ்க்கையில் மிகப் பெரிய விளைவை உண்டாக்கிய பேச்சு அதுதான். மூன்றே சொற்கள். அக்கா மறுபடி கேட்கவில்லை. முதலாளியின் மகளோடு வாதாடி என்ன கிடைக்கும் என்று நினைத்தாரோ! தன் பையில் தன் சொந்த ரப்பர் பட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போய்விட்டார். அத்தா அந்த பானட்டைத் தன் செலவில் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். எங்கள் கடையின் பெயர் தப்பித்தது. அவர் பெயர்?

சொல்கிறேன். இதைத்தான் சொல்ல வந்தேன்.

சென்ற ஆண்டு இதே விழா. இதே மேடை. தலைப்பு 'கவனம்'. பேசியது யார்? நான்! என்ன பேசினேன்? "கணப்பொழுது கண் அசந்தால் காலமெல்லாம் பட்ட கஷ்டம் கரைந்துபோகும்! எங்கள் கடையிலே சாணார்பட்டிச் சகோதரி ஒருவர், கையிலே கத்தி, கருத்திலோ கவனமில்லை..." என்று முழங்கினேன். நீங்கள் கை தட்டினீர்கள். எனக்குக் கேடயம் கொடுத்தீர்கள். அந்தப் பேச்சை வீடியோ எடுத்து, நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அங்கிருந்து அடுத்த குழுவுக்கும் அனுப்பினீர்கள்.

பெயரைச் சொல்லவில்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சாணார்பட்டியிலிருந்து வந்து கார் பிலிம் ஒட்டும் பெண்கள் திண்டுக்கல்லில் எத்தனை பேர்? ஒரே ஒருவர். பெயர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

சில மாதம் கழித்து, ஒரு பிலிம் ரோல் வாங்க அத்தா பழனி சாலையில் ஒரு கடைக்குப் போனார். நான் வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றேன். நாகஜோதி அக்கா அந்தக் கடைக்கு வேலை கேட்டு வந்தார். உள்ளேயிருந்து ஒரு குரல்: "வாங்க, வாங்க, கோட்டக்கா வந்துட்டாக! ஏலே, வண்டியெல்லாம் தள்ளி நிறுத்துங்கடா!" ஒரே சிரிப்பு. கோடு போட்ட அக்கா என்ற அந்தப் பட்டப்பெயரைச் சூட்டியது அந்தக் கடைக்காரர் இல்லை. என் பேச்சு சூட்டியது. நான் துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். ஆனாலும் அவர் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"பாப்பா, உன் பேச்சைப் போன்ல பாத்தேன். நல்லாப் பேசுற. எங்க பவித்ராவும் ஸ்கூல்ல பேசணும்னு சொல்றா. அவளுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுப்பியா?"

தாய்மார்களே! அவர் குத்திக் காட்டினாரா? உண்மையிலேயே கேட்டாரா? இன்றுவரை எனக்குத் தெரியாது. எதைச் சொல்லிக் கொடுப்பேன் நான் அந்தப் பிள்ளைக்கு? அவளுடைய அம்மாவின் பெயரைக் கெடுத்தவள், அவளுக்கு எதைக் கற்றுக்கொடுக்க முடியும்?

நாகஜோதி அக்கா இப்போது வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறார். குமிழி இல்லாமல் ஒட்டத் தெரிந்த அந்த விரல்கள் அங்கே அறுந்த நூலை முடிகின்றன. ஏன்? என் பிளேடு பதித்த கோட்டை அவர் நெற்றியில் ஒட்டிவிட்டோம். அதனால்தான்.

"இதை வீட்டிலேயே அத்தாவிடம் சொல்லியிருக்கலாமே, மேடை எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எட்டு முறை சொல்லப் போனேன். எட்டு முறையும் "என்னம்மா?" என்று அவர் கேட்டதும் "டீ வேணுமா அத்தா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். ஒரு நாளில் மூன்று டீ குடித்திருக்கிறார் பாவம், எதற்கென்று தெரியாமலே. ஆனால் காரணம் என் பயம் மட்டும் இல்லை. பொய்யை மைக் வைத்துச் சொன்னேன். உண்மையைச் சமையற்கட்டில் கிசுகிசுத்தால் போதுமா? பழியை இருநூறு பேர் கேட்டார்கள். மறுப்பை ஒருவர் மட்டும் கேட்டால் போதுமா? எங்கே அவர் பெயர் விழுந்ததோ, அங்கேதான் அதை எடுத்து நிறுத்த வேண்டும்!

வேண்டாம், தயவுசெய்து கை தட்டாதீர்கள். சென்ற ஆண்டு தட்டிய கையோசையையே இன்னும் என் காது மறக்கவில்லை. எனக்காக இரக்கப்படவும் வேண்டாம். "சின்னப் பிள்ளைதானே" என்று சொல்ல வேண்டாம். பவித்ரா என்னைவிடச் சின்னப் பிள்ளை.

தலைவர் ஐயா அவர்களே, இந்தக் கேடயத்தை உங்கள் மேசையில் வைக்கிறேன். எடுத்து வரும்போது பையில் வைத்துத் துணி சுற்றித்தான் கொண்டு வந்தேன். இனி எங்கள் வீட்டு அலமாரியில் இதற்கு இடம் இல்லை.

முதலாளிமார்களே, அவருக்கு வேலை கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. கொடுப்பதும் கொடுக்காததும், வருவதும் வராததும் உங்கள் விருப்பம், அவர் விருப்பம். ஆனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன வருடம் எத்தனை பேர் செல்போனைத் தூக்கி என் பேச்சைப் படம் பிடித்தீர்களோ, அத்தனை பேரும் இப்போது தூக்குங்கள். அந்த வீடியோவை எந்தெந்தக் குழுவுக்கு அனுப்பினீர்களோ, அந்தந்தக் குழுவுக்கு இதையும் அனுப்புங்கள். என் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும் என்று துப்பட்டாவைப் பின்னால் தள்ளியிருக்கிறேன். கோட்டக்கா என்று யாரையாவது அழைத்தே ஆக வேண்டுமென்றால், அந்தப் பெயர் எனக்குரியது. அவரை நாகஜோதி என்று கூப்பிடுங்கள். ஏழு வருடத்தில் ஒரு வண்டியில்கூட ஒரு கோடு போடாத நாகஜோதி!

அத்தா, நீங்கள் தலை குனிந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களைக் கேட்காமல் உங்களைச் சபையில் நிறுத்திவிட்டேன். அதற்கும் சேர்த்து வீட்டில் என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்வேன். பயமாகத்தான் இருக்கிறது. நாளை ஞாயிற்றுக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் நான் சாணார்பட்டிக்குப் போகிறேன். அக்காவின் வீட்டு வாசலில் நின்று, "தொட்டேங்க்கா, கத்தி வச்சது நான்தாங்க்கா" என்று சொல்லப்போகிறேன். நீங்களும் வந்தால் எனக்குத் துணையாக இருக்கும். வராவிட்டாலும் போவேன்.

இதுவரை மணியை அடிக்காத தலைவர் ஐயாவுக்கும், மைக்கை அணைக்காத பழனிக்குமார் அண்ணனுக்கும், சாப்பாட்டு நேரம் தள்ளிப்போயும் எழுந்து போகாத தாய்மார்களுக்கும் என் நன்றி. ஒச்சப்பன் ஐயாவின் புது வண்டியில் கோடு போட்டது இந்த வலது கை. இதே கையை இடது கையோடு சேர்த்துக் கூப்பி, உங்கள் முன்னால் தலை குனிந்து, வணக்கம் சொல்கிறேன்.