மதினி எழுந்திருக்கல

சுகர் இருக்கறவங்க கையைத் தூக்குங்கன்னு சொன்னா, இந்த மண்டபத்துல பாதிப் பேர் கை தூக்கிடுவீங்க... மீதிப் பாதி, பக்கத்துல பொண்டாட்டி உக்காந்திருக்காளேன்னு தூக்க மாட்டீங்க! சிரிக்கறீங்க... சிரிங்க, சிரிங்க. அப்படியே ஒரு குட்டிக் கதையும் கேட்டுக்கோங்க.

கோவில்பட்டிப் பக்கம் சண்முகவடிவுன்னு ஒரு அம்மா. வயசு அறுபத்தாறு. ஆறு வருஷமா சுகர். மாத்திரை போடுறாங்க, சோத்தைக் குறைச்சாச்சு, எல்லாம் சரி. ஆனா ஒண்ணு மட்டும் விட்டுப் போகல... அசதி. சாதாரண அசதியா? ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கும். பதினொரு மணியாச்சுன்னா கால் ரெண்டும் நம்ம பேச்சைக் கேக்காது. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும் இது! வெளியில பார்த்தா ஆள் நல்லாத்தான் இருப்பாங்க. காய்ச்சல் இல்ல, கட்டு இல்ல. யார் நம்புவா? அதனால வடிவம்மா அசதியைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடல. பெத்த பையன்கிட்டகூட.

வைகாசியில பையனுக்குக் கல்யாணம் ஆச்சு. மருமக பேரு அபிராமி. ஆடி மாசம் அபிராமியோட அம்மா பூரணம், சாத்தூர்லேர்ந்து ஆடிச்சீர் கொண்டு வாராங்க. ஏழு தட்டு! சீர் வந்தா மாப்பிள்ளையோட அம்மா என்ன செய்யணும்? வாசலுக்கு வந்து, "வாங்க மதினி"ன்னு தன் கையால தட்டை வாங்கணும். எங்க பக்கம் சம்பந்தியம்மாவை மதினின்னுதான் கூப்பிடுவோம். அந்த ஒரு 'வாங்க'வுக்காகத்தானே அவ்வளவு தூரம் தட்டைச் சுமந்துட்டு வர்றது?

வடிவம்மா என்ன பண்ணாங்க? நாற்காலியில உக்காந்தபடியே, "வாங்க மதினி, வாங்க"ன்னாங்க.

போச்சு...!

பூரணத்தம்மா காப்பியைத் தொடல. தட்டை வச்சாங்க, திரும்பிட்டாங்க. வேன்ல ஏறினதும் வெடிச்சாங்களே ஒரு வெடி! "உக்காந்த இடத்தை விட்டு அசைஞ்சாளா பார்த்தீங்களா? மாப்பிள்ளையைப் பெத்துட்டா மகாராணியோ? இனிமே அந்த வாசப்படியை நான் மிதிக்கவே மாட்டேன்!"

மிதிக்கல. ஒரு ஃபோன் கிடையாது, தீபாவளி பொங்கல் கிடையாது. அபிராமி முழுகாம இருக்கான்னு சேதி போச்சு... அதுக்கும் வரல. மாசி மாசம் வளைகாப்பு வந்துச்சு. பெத்தவ வந்து வளையல் போட்டு, மகளைக் கூட்டிட்டுப் போகணும். பூரணம் ஃபோன்ல சொல்றாங்க, "அப்பாவையும் சித்தியையும் அனுப்புறேன். சித்தி போட்டு விடுவா."

அந்தப் புள்ளை அழுதுச்சு பாருங்க... "அம்மா, நீ வராம நான் யார்கிட்டம்மா கையை நீட்டுவேன்?"

அந்த அழுகை அடுப்படியில நின்ன வடிவம்மா காதுல விழுந்துச்சு. மனசு தாங்கல. 'என்னாலதானே இந்தப் புள்ளை அழுவுது... இந்தத் தடவை அங்கேர்ந்து யார் வந்தாலும் நான் வாசல்லயே நிப்பேன். என்ன ஆனாலும் நிப்பேன்'னு முடிவு பண்ணிட்டாங்க.

வளைகாப்பு அன்னைக்குக் காலையில மாத்திரையைப் போட்டுட்டு, எட்டரை மணிக்கே வாசல்ல நின்னுட்டாங்க. "ஒரு வாய் சாப்பிட்டுட்டு நில்லுங்க அத்தை"ன்னு மருமக கெஞ்சுது. "இருக்கட்டும்மா. அவங்க வர்ற நேரம் நான் சோத்துத் தட்டு முன்னால உக்காந்திருந்தா, அதுக்கொரு பேச்சு வரும்."

மாத்திரை உள்ள போயாச்சு, சோறு போகல. தப்பு! பெரிய தப்பு! வேன் வழியில பஞ்சர். ஒம்பது ஆச்சு... பத்து ஆச்சு... பத்தரை ஆச்சு. அந்தம்மா கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்க.

வேன் வந்துச்சு. பூரணம் இறங்கினாங்க. ஆமா, வந்துட்டாங்க... மக அழுதா எந்தத் தாய் வீட்டுல இருப்பா? ஆனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. கையில சீர்த்தட்டு. நிமிர்ந்து பார்த்தாங்க... வடிவம்மாவுக்கு ரவிக்கை தொப்பலா நனைஞ்சிருக்கு. கை வெடவெடன்னு நடுங்குது. "வா...ங்க... மதினி"ன்னு வாய் குழறுது.

"சாப்பிட்டீங்களா?"

ஏழு மாசம் கழிச்சுப் பேசின முதல் வார்த்தை!

பதிலுக்குக் காத்திருக்கல. சீர்த்தட்டைத் தரையில வைப்பாங்களா யாராவது? வச்சாங்க! அதுல இருந்த சீனிப் பொட்டலத்தைப் பல்லால கிழிச்சாங்க. உள்ளேர்ந்து ஒருத்தர், "ஐயையோ, அவளுக்குச் சுகரு! சீனி குடுக்காதீங்க!"

"எங்க வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வருஷமா சுகரு. எனக்குத் தெரியும், இது சுகர் இறங்கிப் போனது. தண்ணியைக் கொண்டா!"

வாசப்படியில உக்கார வச்சு, தன் தோள்ல சாய்ச்சுக்கிட்டு, சீனித் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குடிக்க வச்சாங்க. பத்துப் பதினஞ்சு நிமிஷத்துல முகம் தெளிஞ்சுது.

அப்பத்தான் வடிவம்மா மெதுவாச் சொன்னாங்க, "ஆடியில... எழுந்திருக்கணும்னுதான் பார்த்தேன் மதினி. மனசு எழுந்துடுச்சு. கால் எழுந்திருக்கல."

"அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"கல்யாணமாகி ரெண்டு மாசம். நோயாளி மாமியாருக்குச் சேவகம் பண்ணவா என் மகளைக் குடுத்தேன்னு நினைச்சிருவீங்களோன்னு... பயமா இருந்துச்சு."

பூரணம் அந்த வாசப்படியிலயே பக்கத்துல உக்காந்து ஓன்னு அழுதுட்டாங்க. பதினெட்டு வருஷம் புருஷனோட அசதியைப் பார்த்தவங்க! நாற்காலியில சாஞ்சிருந்த சம்பந்தியைப் பார்த்தப்போ மட்டும் அசதி கண்ணுல படல, திமிர்தான் பட்டுச்சு. வளைகாப்பு நடந்துச்சு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு நாற்காலியில உக்காந்துதான் அந்தப் புள்ளைக்கு வளையல் போட்டாங்க. மறுநாள் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனதும் பூரணம்தான். டாக்டர் மாத்திரையை மாத்தினார், ரத்தமும் கம்மியா இருக்குன்னு கண்டுபிடிச்சார். ஆறு வருஷமா அவர்கிட்டயும் அசதின்னு சொல்லலையாம்!

என் தாய்மார்களே, அண்ணாச்சிமார்களே... சுகர் எவ்வளவுன்னு ஊருக்கே சொல்றோம். முந்நூறு, முந்நூத்தம்பதுன்னு பெருமையா வேற சொல்றோம்! முடியலன்னு மட்டும் ஏன் சொல்ல மாட்டேங்குறோம்? சொல்லாத அசதியைப் பார்க்கறவங்க என்னன்னு எடுத்துப்பாங்க? சோம்பல்னு எடுத்துப்பாங்க, கோபம்னு எடுத்துப்பாங்க, திமிர்னு எடுத்துப்பாங்க. ஏழு மாசம் ஒரு கர்ப்பிணிப் புள்ளை தாய் முகம் பார்க்காம இருந்துச்சே... எதனால? ஒரு வார்த்தை வாயில வராததால!

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. "எனக்கு அசதியா இருக்குப்பா, கொஞ்சம் உக்காந்துக்கறேன்." அவ்வளவுதான். கேக்கற பிள்ளைகளே... உங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். உங்கம்மா உக்காந்திருந்தா, ஏன் உக்காந்திருக்கேன்னு கேக்காதீங்க. சாப்பிட்டியாம்மான்னு கேளுங்க.