ஆறு குடுவைகள்

ரத்தினம்மாவுக்கு முட்டி தேய்ந்த பிறகுதான் நாங்கள் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தோம். அதற்கு முன்னால் என் மனைவி வீடு தங்கியதே இல்லை. லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடைச் சமையல், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிறு பொங்கோலில் மகள் தாரணி வீடு. யாரோடு பேசுகிறாள் என்று பின்னால் போய்ப் பார்ப்பேன். மனுஷன் பார்க்கத்தானே வேண்டும்.

எங்கள் மாடியில் லிஃப்ட் நிற்காது. முட்டி போனதும் படி இறங்க முடியவில்லை. நானே சமைத்தேன், நானே குளிக்க வைத்தேன்.

கிளமெண்டி பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் நான் துப்புரவு வேலை பார்க்கிறேன். அங்கே செல் வளர்க்கும் வேலை பார்க்கும் அமலா நல்ல பெண். அவள்தான் அங்கே நடக்கும் புது முட்டி வைத்தியத்தில் ரத்தினம்மாவின் பெயரைச் சேர்த்துவிட்டாள். முட்டியிலிருந்து துளி குருத்தெலும்பை வெட்டி, குடுவையில் வளர்த்து, திரும்ப முட்டியிலேயே வைப்பார்களாம். எனக்கு நம்பிக்கை இல்லை; ஆனாலும் அவளுடையதை எடுத்துக் குடுவையில் போட்டார்கள்.

"அண்ணாதுரை அங்கிள், வந்து பாருங்க லா. செல்லுல குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. அழுத்தினா திறக்கும், சுண்ணாம்புச் சத்து உள்ள போகும். அளவா திறந்தாத்தான் நல்லா வளரும்."

"திறந்தே கிடந்தா?"

"செத்துடும். அந்த மஞ்சள் மூடி பாட்டில் கதவைத் திறக்கிற மருந்து. சோதனைத் தட்டுக்கு மட்டும் ஒரு துளி. நீங்க தொட்டுடாதீங்க."

அன்று வீட்டில் சொன்னேன், செல் நன்றாக வளர்கிறதாம் என்று. ரத்தினம்மா சிரித்தாள். அவள் சிரித்து வெகு நாளாகியிருந்தது.

"முட்டி சரியானதும் தாரணிகிட்டப் போயிடுவேன். ரூம் ஒதுக்கி வச்சிருக்கா. உங்களுக்குச் சந்தேகப்பட ஆள் வேணும்னா அந்தச் சுவரு இருக்கு, அதைப் பாருங்க."

நான் கோபப்படவில்லை. சோறு போட்டேன்.

மறுநாள் மதியம் அமலா சாப்பிடப் போயிருந்தாள். குடுவைகளை வைத்து வளர்க்கிற பெட்டியைத் திறந்தேன். ஆறு குடுவை இருந்தது. ஒட்டியிருந்த பெயர் எல்லாம் இங்கிலீஷ்; எனக்கு வாசிக்க வராது. எது அவளுடையது என்று தெரியாததால் ஆறிலும் அந்த மஞ்சள் மூடி மருந்தை விட்டேன். மற்ற ஐந்து பேர் யாரென்று தெரியாது. ஒருத்தி நாட்டியம் ஆடுகிற பெண் என்று அமலா எப்போதோ சொன்னாள்.

ஆறும் செத்துப்போனதும் அமலாவை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரும்ப வெட்டி எடுக்க ரத்தினம்மா முட்டியில் மிச்சம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவள் அழுதாள். நான்தான் கண்ணைத் துடைத்துவிட்டேன். தாரணிக்கு ஓயாமல் போன் போட்டுக்கொண்டே இருந்தாள். உடம்புக்கு ஆகாது என்று போனை வாங்கி வைத்துக்கொண்டேன். ரத்தினம்மா ஊருக்குப் போயிருக்கிறாள் என்று தாரணியிடமும் சொல்லிவிட்டேன்.

கேமராவில் பார்த்துத்தானே என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தீர்கள். எல்லாம் நான் செய்ததுதான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கைநாட்டு வைக்கிறேன்.

ஆனால் சீக்கிரம் அனுப்புங்கள். முந்தாநாள் காலையில் வீட்டுக் கதவை வெளியே பூட்டிவிட்டு வந்தவன் நான். நீங்கள் வாங்கி வைத்த பையில்தான் சாவி இருக்கிறது. வீட்டில் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளால் எழுந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது, பாவம்.